கரி

சிரிமிரி என்று பெயர் அந்தத் தூறலுக்கு.
தமிழ்க் காதுக்கு யாரோ சிரிப்பதுபோல் கேட்கும்.
குடை விரிக்கும் அளவுக்குப் பெய்யாது;
விரிக்காவிட்டால் எலும்புவரை நனைத்துவிடும்.
பில்பாவோ ஆற்றின் கழிமுகத்தில்
எப்போதோ அணைந்துபோன ஊதுலை ஒன்று
அதில் நனைந்துகொண்டு நிற்கிறது.
அதைத் தாண்டித்தான் நெகானே உர்கியோலா
தினமும் மெட்ரோவில் ஆய்வகம் போகிறாள்.

அவள் வேலையைச் சொல்வது எளிது:
புகையைப் பிடித்து, தண்ணீரில் கரைத்து,
செப்புத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி
உருப்படியான வேறொன்றாக மாற்றுவது.
செய்வது?
நடுவில் கரி.
இரு கையையும் இறுகப் பற்றியபடி இரண்டு ஆக்சிஜன்,
கைதியோடு வரும் காவலர்கள் மாதிரி.
நேர்க்கோட்டில் நிற்கும் அந்த மூவரைக்
கொஞ்சம் வளைப்பதற்குள் மூச்சு வாங்கும்.
வார்த்த எலக்ட்ரானில் பெரும்பங்கைத்
தண்ணீர் திருடிக்கொண்டு
ஹைட்ரஜனாய்க் குமிழியிடும்.

நான்கு வருடம் குமிழிதான்.

பிறகு ஒரு மார்ச் மாதப் பின்னிரவில்
திரையில் முகடு எழுந்தது.
எத்தனால்.
புகையிலிருந்து சாராயம்!
தெருமுனை மதுக்கடையில் பெஞாட்
ஆப்பிள் மதுப் புட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஊற்றினான்,
பாதி கோப்பையில், பாதி அவள் ஷூவில்.
மறுநாளே மாநாட்டுக்குச் சுருக்கம் போயிற்று.
அதுவரை அவளை நெரேயா என்றே அழைத்துவந்த இயக்குநர்
நடைவழியில் நிறுத்திக் கைகுலுக்கி
‘வாழ்த்துகள், நெகானே’ என்றார்.

இந்த மொழியில் கரி என்றால் கரி.
கரி என்றால் சாட்சியும்தான்;
பழைய பொருள், இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.
நெகானேவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் அவள் சாட்சிக்கு அழைத்தது கரியைத்தான்.
எடை பன்னிரண்டுள்ள ஊர்க் கரி அல்ல,
பதிமூன்று.
முழங்கை நீள உருளையில் அடைத்து
மூன்று மாதச் சம்பளத்துக்கு விற்கிறார்கள்.
சாராயம் அந்தக் கரியில் பிறந்திருந்தால்
காந்தத்துக்குள் வைத்துப் பார்க்கையில்
முகடு இரண்டாகப் பிளக்கும்.

பிளக்கவில்லை.
ஒற்றை முகடு, மொழுமொழுவென்று,
சர்க்கரை தின்றுவிட்டு இல்லையென்னும் பிள்ளையின் முகம்.

ராத்திரி ராத்திரி கலத்தின் சவ்வை
எத்தனாலில் கழுவி வைத்திருக்கிறான் பெஞாட்,
சுத்தமாக இருக்கட்டுமென்று.
அவன் தலை நிமிரவில்லை.
அவள் திட்டுவதற்கு வாயெடுத்தாள்;
அதற்குள் பழைய குறிப்பேடு ஞாபகம் வந்தது.
முதல் வருடம், நாற்பதாம் பக்கம், நீல மை:
‘சவ்வை எத்தனாலில் கழுவுக.’
அவள் கையெழுத்து.

மாநாட்டுக்கு நான்கு வரி எழுதினாள்.
‘வருந்துகிறோம்’ என்பதை அடித்துவிட்டு
‘தவறு என்னுடையது’ என்று போட்டு
அனுப்புவதற்குமுன் ஒரு தரம் எழுந்துபோய்
கை கழுவிவிட்டு வந்தாள்.
இயக்குநருக்கு அவள் மறுபடி நெரேயா.

மடித்துப் போடப்போன அதே தாளின்
இடது ஓரத்தில், யாரும் பார்க்காத மூலையில்
குட்டியாய் இரண்டு முகடுகள்.
தூசி என்று விரலால் தேய்த்தாள். போகவில்லை.
ஃபார்மேட்.
எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே,
அந்த அமிலத்தின் உப்பு.
நூறு எலக்ட்ரானுக்கு மூன்று.
இதைக்கொண்டு எந்த வானமும் வெளுக்காது;
தோல் பதனிடுகிறவன்கூட விலை கேட்கமாட்டான்.
ஆனால் பிளந்திருக்கிறது.
நடுவே ஒன்றுமில்லாத வெற்றிடம், இருபுறமும் ஒவ்வொன்று.
பதிமூன்று வந்து
கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

உருளையின் அழுத்தமானி முள்
இன்னும் கொஞ்சம் மிச்சம் காட்டுகிறது.
ஜன்னலில் சிரிமிரி.
புதுச் சவ்வொன்றை இடுக்கியில் தூக்கி
பெஞாட்டிடம் நீட்டுகிறாள்.
‘தண்ணீரில்,’ என்கிறாள்.
‘வெறும் தண்ணீரில்.’